பாரம் தூக்கும் தொழிலும் பயிற்சியும்

கோயம்புத்தூரிலிருந்து மேற்கு நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலை வாளையாற்றைக் கடந்ததும் பாலக்காட்டு மாவட்டத்தில் புகுகின்றது. மேற்குத்தொடர்ச்சி மலை விலகி நின்று மனிதனுக்கு வழிவிட்ட கணவாய் அது. சாலையை ஒட்டிக் கஞ்சிக்கோட்டுத் தொழிற்பேட்டையின் ஆலைகளும் சரக்கறைகளும் அமைந்துள்ளன. அங்கே மூட்டைகளையும் பெட்டிகளையும் லாரியிலிருந்து இறக்கி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் சிறு வண்டி ஒன்றை நேயர்கள் பார்த்திருக்கக்கூடும். முன்புறம் இரண்டு இரும்புக் கவைகளை நீட்டிக்கொண்டு, பின்சக்கரங்களால் திரும்பும் அந்த வண்டிக்கு ஃபோர்க்லிஃப்ட் என்று பெயர்.

அந்த வண்டியை ஓட்டுகின்றவருக்கு அத்தொழிலைக் கற்பித்தவர் யார்? எத்தனை நாள் கற்பித்தார்? இக்கேள்வி எளியதாகத் தோன்றலாம். ஆனால் அதற்குரிய விடையைப் பொறுத்தே சிலருடைய உயிரும், பலருடைய கைகால்களும் இருக்கின்றன. ஆகவே, பாலக்காட்டு எல்லையிலும் இடுக்கி எல்லையிலும் பாரம் தூக்கும் தொழில் கடந்து வந்த வரலாற்றைப் பார்த்துவிட்டு, அக்கேள்விக்கு மீண்டும் வருவோம்.

பாலக்காடும் இடுக்கியும் ஒன்றையொன்று தொட்டு நிற்கும் மாவட்டங்கள் அல்ல. ஆயினும் இரண்டையும் ஆனைமலைத் தொடர் பிணைக்கின்றது. இரண்டும் தமிழ்நாட்டின் எல்லையில் அமைந்துள்ளன. பாலக்காட்டைச் சேர்ந்த பறம்பிக்குளத்துக்குச் சாலை வழியாகப் போக வேண்டுமானால், பொள்ளாச்சி, சேத்துமடை, டாப்சிலிப் ஆகிய தமிழ்நாட்டு ஊர்களைக் கடந்தே போக வேண்டும். இடுக்கியின் தேயிலையோ ஒரு காலத்தில் போடிநாயக்கனூர் வழியாகவே உலகச் சந்தையை அடைந்தது. இந்த இரண்டு வாயில்களிலும் பெரும் பாரங்களை மலையிலிருந்து இறக்குவதற்கு மனிதர் கண்ட வழிகள் மூன்று: யானை, இருப்புப்பாதை, கயிற்றுப்பாதை.

முதலில் யானையைக் காண்போம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆனைமலைத் தேக்குக்குப் பெருமதிப்பு இருந்தது. பம்பாய்க் கப்பல் கட்டும் துறைக்கும், பின்னர் இருப்புப்பாதை வேலைகளுக்கும் அம்மரம் தேவைப்பட்டது. வெட்டிய மரங்களை மலையுச்சியிலிருந்து சரிவில் நழுவவிட்டுக் கீழே சேர்த்தனர். டாப்சிலிப் என்ற பெயரே அதனால் வந்தது. காட்டுக்குள் விழுந்து கிடக்கும் மரத்தை அந்தச் சரிவு வரையில் கொண்டுவந்து சேர்த்தது யானை. மரத்தில் பிணைத்த வடத்தைப் பல்லால் கவ்வி இழுக்கும். தந்தங்களை மரத்தின் அடியில் கொடுத்து, துதிக்கையால் அணைத்து, உயரத் தூக்கி அடுக்கும். இன்றைய வண்டியின் இரண்டு கவைகளையும் பார்க்கும்போது, அந்தத் தந்தங்களே நம் நினைவுக்கு வருகின்றன.

யானை தானாக அவ்வேலையைச் செய்துவிடவில்லை. அதன் கழுத்தில் அமர்ந்து, காதுகளின் பின்புறத்தைக் கால்விரல்களால் தொட்டு, சொல்லாலும் தொடுகையாலும் அதை நடத்தியவர் மாவுத்தர். அவருக்கு உதவியாளராகக் காவடி என்று ஒருவர் உண்டு. தழை கொண்டுவருவது, குளிப்பாட்டுவது, சங்கிலி கட்டுவது ஆகிய வேலைகளில் தொடங்கி, யானையின் மனநிலையைப் படிக்கக் கற்ற பிறகே காவடி மாவுத்தராவார். ஆனைமலையில் இத்தொழிலைச் செய்தவர்களுள் மலசர் என்னும் பழங்குடியினர் குறிப்பிடத்தக்கவர்கள். தந்தையிடம் மகன் கற்பதும், மாமனிடம் மருமகன் கற்பதும் அவர்களிடையே வழக்கம். கரோல் என்னும் மரக்கூண்டில் யானை பழகும்போது, அதனோடு மனிதனும் பழகினான்.

மரம் இழுக்கும் வேலை ஓய்ந்தபின்பும் அந்த மரபு அழிந்துவிடவில்லை. டாப்சிலிப்பை அடுத்த கோழிகமுத்தி முகாமில் கலீம் என்ற கும்கி யானை, 2023-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் அறுபதாம் வயதில் பணி ஓய்வு பெற்றபோது, வனத்துறையினர் அணிவகுத்து நின்று அதற்கு மரியாதை செலுத்தினர். அதே ஆண்டில், தெப்பக்காடு, கோழிகமுத்தி முகாம்களின் மாவுத்தர்களும் காவடிகளுமாகிய 13 பேரைத் தாய்லாந்து நாட்டின் யானைப் பாதுகாப்பு மையத்துக்குப் பயிற்சிக்காக அனுப்பத் தமிழ்நாட்டு அரசு ஏற்பாடு செய்தது. தலைமுறை தலைமுறையாகத் தொழில் அறிந்தவர்களுக்கும் மேற்பயிற்சி வேண்டும் என்று கருதப்பட்டது என்பதை இங்கே நினைவில் கொள்ளுதல் நலம்.

அடுத்து, இருப்புப்பாதை. டாப்சிலிப்பை அடுத்த பறம்பிக்குளம் அந்நாளில் கொச்சி அரசைச் சேர்ந்தது. அக்காட்டின் தேக்கையும் ஈட்டியையும் சாலக்குடிக்குக் கொண்டுவருவதற்காகக் கொச்சி அரசு ஒரு காட்டு டிராம் பாதையை அமைத்தது. 1907-ஆம் ஆண்டில் தொடங்கிய அப்பாதை ஏறக்குறைய 80 கிலோமீட்டர் நீளம் உடையது. ஜெர்மனியின் ஓரன்ஸ்டைன்-கோப்பல் நிறுவனம் அதற்கு வேண்டிய சாதனங்களை வழங்கியது. 1963-ஆம் ஆண்டில் அது கைவிடப்பட்டது.

அப்பாதையில் எஞ்சின் ஏற முடியாத செங்குத்தான சரிவுகள் இருந்தன. அங்கே வண்டிகளை வடத்தில் பிணைத்து இறக்கினார்கள். மரம் ஏற்றிய வண்டி தன் எடையால் கீழே இறங்கும். வடத்தின் மறுமுனையிலுள்ள வெற்று வண்டியை அது மேலே இழுக்கும். எஞ்சின் இல்லாமல், புவியின் ஈர்ப்பையே வேலைக்காரனாக்கிய சிக்கனமான ஏற்பாடு அது. ஆனால் அந்த வேலைக்காரனை அடக்கி வைப்பது ஒரு மனிதனின் கையிலிருந்த தடையே! தடையை முன்னதாகப் பிடித்தால் வண்டி நடுவழியில் நிற்கும். சற்றுத் தாமதித்தால், டன் கணக்கான மரம் காட்டாறுபோல் பாயும். மழையில் நனைந்த தண்டவாளத்துக்கு ஓர் அளவு, வெயிலில் காய்ந்ததற்கு வேறோர் அளவு. இவ்வளவு நுட்பத்தைப் புத்தகத்தில் படித்து மட்டும் அறிய இயலாது. அருகிலிருந்து பார்த்து, பிறகு ஒருவர் மேற்பார்வையில் செய்து பழகியே அறிய வேண்டும்.

இனி, இடுக்கியின் பக்கம் வருவோம். 1877-ஆம் ஆண்டில் ஜான் டேனியல் மன்றோ என்பவர் பூஞ்ஞாற்று அரசரிடமிருந்து கண்ணன் தேவன் மலைகளைக் குத்தகைக்குப் பெற்றார். பல பயிர்களைச் சோதித்த பிறகு தேயிலை அங்கே வேரூன்றியது. விளைந்த தேயிலையைச் சந்தைக்குக் கொண்டுசெல்ல 1902-ஆம் ஆண்டில் மூணாற்றிலிருந்து குண்டளைப் பள்ளத்தாக்கு வழியாக ஒற்றைத் தண்டவாளப் பாதை ஒன்று அமைந்தது. யூயிங் முறை என்று அதற்குப் பெயர். வண்டியின் சிறு சக்கரங்கள் ஒரே தண்டவாளத்தின்மேல் ஓடும். பக்கவாட்டில் நீண்ட பெரிய சக்கரம் ஒன்று சாலையின்மேல் உருண்டு வண்டியைச் சாயாமல் தாங்கும். வண்டியை மாடுகள் இழுத்தன. சுமையின் பெரும்பகுதி தண்டவாளத்தின்மேலும், சிறுபகுதி மட்டும் பக்கச் சக்கரத்தின்மேலும் விழுமாறு பெட்டிகளை ஏற்ற வேண்டும். ஆகவே, அந்த வண்டிக்கு ஓட்டுபவனுடைய திறமை எவ்வளவு முக்கியமோ, ஏற்றுபவனுடைய திறமையும் அவ்வளவு முக்கியமாயிற்று.

1908-ஆம் ஆண்டில் ஒற்றைத் தண்டவாளத்துக்குப் பதிலாக, இரண்டடி அகலமுள்ள குறும்பாதை இரயில் வந்தது. அதன் முனையில் இருந்த டாப் ஸ்டேஷனிலிருந்து, தமிழ்நாட்டு எல்லைக்குட்பட்ட கொட்டகுடிக்கு ஏறத்தாழ 5 கிலோமீட்டர் தொலைவுக்குக் கயிற்றுப்பாதை இறங்கியது. தேயிலைப் பெட்டிகள் பள்ளத்தாக்கின்மேல் அந்தரத்தில் ஊசலாடிக்கொண்டு இறங்கின. கொட்டகுடியிலிருந்து மாட்டுவண்டிகள் அவற்றைப் போடிநாயக்கனூருக்குக் கொண்டுசென்றன. 1924-ஆம் ஆண்டுப் பெருவெள்ளத்தில் மூணாற்று இரயில்பாதை அழிந்தது. பிறகு அது கட்டப்படவே இல்லை. போடிநாயக்கனூருக்கு 1928-ஆம் ஆண்டில் மதுரையிலிருந்து இரயில் வந்தது. டாப் ஸ்டேஷன் என்ற பெயர் மட்டும், இரயிலும் கயிறும் இல்லாத மலைமுகட்டில் இன்றும் நிலைத்திருக்கின்றது.

கயிற்றுப்பாதைத் தொழிலின் தன்மையையும் எண்ணிப் பார்க்க வேண்டும். மேல் நிலையத்தில் இருப்பவருக்குக் கீழ் நிலையம் தெரியாது. மூடுபனி இறங்கினால் அடுத்த தூண்கூடத் தெரியாது. எந்த இடைவெளியில் சுமையை மாட்டுவது, எவ்வளவு எடையை மாட்டுவது, காற்று வீசினால் எப்பொழுது நிறுத்துவது என்பவற்றை முன்பே வகுத்து வைத்த ஒழுங்கின்படி செய்தாக வேண்டும். ஒழுங்கை மீறினால் அதன் விளைவை அனுபவிப்பவர், ஐந்து கிலோமீட்டருக்கு அப்பால் கீழே நிற்கும் வேறொருவர்.

இந்த மூன்று முறைகளையும் ஒப்பிடும்போது ஓர் உண்மை புலப்படுகின்றது. யானையைப் பார்த்தவுடனே எவருக்கும் அச்சம் தோன்றும். செங்குத்தான சரிவைப் பார்த்தாலும், அந்தரத்தில் தொங்கும் கயிற்றைப் பார்த்தாலும் அச்சம் தோன்றும். அந்த அச்சமே பயிற்சிக்குத் தாயாக இருந்தது. அறியாதவன் கையில் அவற்றை எவரும் ஒப்படைக்கவில்லை. ஆனால் பழங்காலத்தை மிகையாகப் புகழ்வதும் தவறு. அன்று கற்பித்தல் இருந்தது. கற்றதைச் சோதிக்கும் முறை இல்லை. ஆசானுடைய நல்ல பழக்கத்தோடு தீய பழக்கத்தையும் மாணவன் கற்றான். மலைக்காடுகளில் அடிபட்டவர்களின் பெயர்களை எந்தக் கல்வெட்டும் சுமக்கவில்லை.

இப்பொழுது ஃபோர்க்லிஃப்ட் வண்டிக்கு வருவோம். அமெரிக்காவில் கிளார்க் நிறுவனம் 1917-ஆம் ஆண்டில் தன் ஆலைக்குள் பொருள்களைக் கொண்டுசெல்ல அமைத்த வண்டி இதன் முன்னோடிகளுள் ஒன்று. 1923-ஆம் ஆண்டில் யேல் நிறுவனத்தார் கவைகளும், அவற்றை உயர்த்தும் கம்பமும் பொருந்திய வண்டியைச் செய்தனர். இரண்டாம் உலகப்போரில் தளவாடங்களை மரத்தட்டுகளின்மேல் அடுக்கி விரைவாக ஏற்றியிறக்க நேர்ந்தபோது இவ்வண்டி உலகெங்கும் பரவியது.

இவ்வண்டிக்குத் திருப்பு சக்கரம் உண்டு, தடை உண்டு, இருக்கை உண்டு. மோட்டார் வண்டி ஓட்டத் தெரிந்தவர், இதையும் ஓட்டிவிடலாம் என்றே எண்ணுவார். அங்கேதான் ஏமாற்றம் இருக்கின்றது. இது மோட்டார் வண்டியின் இனத்தைவிடத் தராசின் இனத்துக்கே நெருங்கியது. முன்சக்கரங்களே தராசின் நடுமுள். முன்னே கவையில் சுமை. பின்னே வண்டியோடு வார்த்த கனத்த இரும்பு. முன்பாரம் மிஞ்சினால் பின்சக்கரங்கள் தரையை விட்டு எழும். பின்சக்கரங்களே வண்டியைத் திருப்புபவை. ஆகவே, அவை எழுந்த அக்கணமே வண்டி ஓட்டுபவருக்கு அடங்காது.

சுமை எடையில் சரியாக இருந்தாலும் போதாது. இரண்டு டன் தூக்கும் வண்டி என்றால், சுமையின் நடுப்புள்ளி கவையின் அடியிலிருந்து குறிப்பிட்ட தொலைவில், வழக்கமாக 500 மில்லிமீட்டரில், இருக்கும்போதுதான் அது இரண்டு டன்னைத் தாங்கும். நீண்ட பெட்டியாக இருந்து நடுப்புள்ளி தள்ளிப்போனால் தாங்கும் அளவு குறையும். மிக உயரத்துக்குத் தூக்கும்போதும் குறையும். மெல்லிய மயிலிறகேயானாலும் அளவு கடந்து ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும் என்று வள்ளுவர் வலியறிதலைப் பற்றிப் பேசும்போது எச்சரித்தார். சுமையின் எடையோடு, சுமை இருக்கும் இடத்தையும் அறிய வேண்டும் என்பது இவ்வண்டி நமக்குச் சொல்லும் பாடம்.

இன்னும் சில நுட்பங்கள் உண்டு. பின்சக்கரம் திரும்புவதால், வளைவில் வண்டியின் வால்புறம் வெளியே வீசும். அருகில் நிற்பவரை இடிக்கும். சுமையோடு சரிவில் இறங்கும்போது சுமை எப்போதும் மேட்டுப்பக்கமே இருக்க வேண்டும். அதாவது, பின்னோக்கியே இறங்க வேண்டும். சுமையைத் தரைக்கு அருகில் தாழ்த்திக்கொண்டுதான் ஓட்ட வேண்டும். வண்டி கவிழத் தொடங்கினால் வெளியே குதித்துவிடத் தோன்றும். குதிப்பவரின் மேலேயே வண்டி விழும். இருக்கைப் பட்டையை அணிந்து, இறுகப் பிடித்துக்கொண்டு உள்ளேயே இருப்பதுதான் உயிரைக் காக்கும். நேயர்கள் கவனித்தால், இந்த விதிகளுள் பல நமது இயல்பான உணர்வுக்கு எதிரானவை என்பது விளங்கும். உணர்வுக்கு எதிரானதைப் பயிற்சி ஒன்றினால்தான் பழக்கமாக்க முடியும்.

மொழிபெயர்ப்புப் பணியில் இருக்கும் நமக்கு, யந்திரங்களின் கையேடுகளும் எச்சரிக்கை வாசகங்களும் புதியவை அல்ல. ஒருமுறை எல்லைப் பகுதியிலுள்ள சரக்கறை ஒன்றுக்குச் சென்றிருந்தோம். அங்கே இவ்வண்டியை ஓட்டியவர் கொழிஞ்சாம்பாறைப் பக்கத்தைச் சேர்ந்த தமிழ் இளைஞர். வண்டியில் பதித்திருந்த உலோகத் தகட்டைச் சுட்டி, அதில் எழுதியிருப்பது என்ன என்று வினவினோம். "அது கம்பெனிக்காரங்க போட்ட பெயர்ப்பலகைங்க சார்" என்றார். எந்த உயரத்தில் எவ்வளவு தூக்கலாம் என்பதை ஆங்கிலத்தில் கூறும் தகடு அது. தொழிலை எங்கே கற்றீர்கள் என்று கேட்டோம். முன்பு ஓட்டியவரை மூன்று நாள் பக்கத்தில் நின்று பார்த்ததாகக் கூறினார். அவர் இப்பொழுது எங்கே என்று கேட்டதற்கு, "அடுக்கு சரிஞ்சு கால் ஒடிஞ்சு போச்சுங்க. ஊருக்குப் போயிட்டாரு. அதனாலதான் எனக்கு இந்த வேலை கிடைச்சுது" என்று அமைதியாகச் சொன்னார்.

அவருடைய குரலில் குறைபாடு எதுவும் தொனிக்கவில்லை. அதுவே நம்மைப் பெரிதும் வருத்தியது. ஆசான் கால் இழந்த பாடத்தையே மாணவர் தாமும் பின்பற்றிக்கொண்டிருந்தார்.

இதற்குச் சட்டம் இல்லையோ என்று நேயர்கள் ஐயுறலாம். சட்டம் நெடுநாளாக உண்டு. 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம், பாரம் தூக்கும் யந்திரங்களையும் சங்கிலிகளையும் ஆண்டுக்கு ஒருமுறையேனும் தகுதியுள்ளவர் சோதிக்க வேண்டும் என்றும், அவை தாங்கும் அளவைக் குறித்து வைக்க வேண்டும் என்றும் 29-ஆம் பிரிவில் விதித்தது. ஆபத்தான யந்திரங்களில் இளையோரைப் போதிய பயிற்சியும் விளக்கமும் இன்றி அமர்த்தலாகாது என்று 23-ஆம் பிரிவில் கூறியது. போப்பால் துயரத்துக்குப் பிறகு, 1987-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் 111-அ என்ற பிரிவு சேர்ந்தது. தமது பாதுகாப்புக்குரிய பயிற்சியைப் பெறுவது தொழிலாளியின் உரிமை என்று அது அறிவித்தது. பயிற்சி என்பது முதலாளியின் கருணை என்ற நிலையிலிருந்து தொழிலாளியின் உரிமை என்ற நிலைக்கு உயர்ந்தது சிறிய மாற்றமன்று. 2020-ஆம் ஆண்டில் நாடாளுமன்றம் இயற்றிய தொழிற்பாதுகாப்புச் சட்டத்தொகுப்பும் பயிற்சி அளிப்பதை வேலை தருவோரின் கடமைகளுள் ஒன்றாகக் குறித்தது.

நமது பணிக்கு நெருங்கிய மற்றொரு விதியையும் சொல்ல வேண்டும். தொழிற்சாலையில் வைக்கும் அறிவிப்புகள் ஆங்கிலத்தில் மட்டுமன்றி, அங்குள்ள தொழிலாளருள் பெரும்பாலோர்க்கு விளங்கும் மொழியிலும் இருக்க வேண்டும் என்று 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 108-ஆம் பிரிவு கூறியது. எல்லைப் பகுதிகளில் இவ்விதியின் அருமை நன்கு விளங்கும். சித்தூர் வட்டத்தின் கிழக்குப் பகுதியில் தமிழ் பேசுவோர் மிகுதி. தேவிகுளம், பீருமேடு வட்டங்களின் தேயிலைத் தோட்டங்களிலும் அவ்வாறே. கஞ்சிக்கோட்டில் இன்று மலையாளமும் தமிழும் மட்டுமன்றி, வடநாட்டு மொழிகளும் ஒலிக்கின்றன. இந்நிலையில், ஒரு மொழியில் மட்டும் எழுதிய தகடு பலருக்கு வெறும் பெயர்ப்பலகையே. மாவுத்தர் தம் யானையிடம் அதற்கு விளங்கும் சொற்களிலேயே பேசினார். மனிதருக்கு அந்த அளவு சலுகையேனும் வேண்டாமா?

அப்படியானால், முறையான பயிற்சி என்பது எது? முதலாவது, வண்டி ஏன் கவிழ்கின்றது என்ற காரணத்தைத் தாய்மொழியில் விளக்குவது. இரண்டாவது, ஆள் நடமாட்டமில்லாத திடலில் தகுதியுள்ளவர் மேற்பார்வையில் ஓட்டிப் பழக்குவது. மூன்றாவது, வேலை செய்யப்போகும் அதே சரக்கறையின் சரிவுகளையும் திருப்பங்களையும் காட்டிப் பழக்குவது. நான்காவது, கற்றதைச் சோதித்துப் பார்த்த பிறகே வண்டியின் சாவியைக் கையில் கொடுப்பது. அத்துடன் கடமை முடிந்துவிடாது. அமெரிக்காவில் 1998-ஆம் ஆண்டில் வகுத்த விதி, மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறையேனும் ஓட்டுநரின் திறமையை மறுபடியும் மதிப்பிட வேண்டும் என்கின்றது. விபத்து நேர்ந்தாலோ, மயிரிழையில் தப்பினாலோ, மீண்டும் பயிற்சி தர வேண்டும் என்றும் கூறுகின்றது. பழகப் பழக அச்சம் குறையும். அச்சம் குறையக் கவனமும் குறையும். இதை அறிந்து அமைத்த விதி அது.

இறுதியாக, சுமைதூக்கும் தொழிலாளர்களைப் பற்றி ஒரு சொல். கேரளத்தில் அவர்களுக்கென 1978-ஆம் ஆண்டின் பெயரால் தனிச் சட்டமே உண்டு. யந்திரம் வந்தால் தம் பிழைப்பு போய்விடும் என்று அவர்கள் அஞ்சுவதில் நியாயம் உண்டு. ஆனால் எந்த மூட்டை சரியும், எந்த அடுக்கு நிற்கும், எந்தப் பெட்டியின் பாரம் ஒருபுறம் சாய்ந்திருக்கும் என்பதைத் தோளால் அறிந்தவர்கள் அவர்களே. ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுவதற்கு முதலில் பயிற்சி தர வேண்டியவர்களும் அவர்களே என்பது நமது கருத்து. புதிய வண்டியும் பழைய அறிவும் அவ்வகையில் ஒன்று சேரும்; பிழைப்பும் போகாது, காலும் ஒடியாது.

ஒரு வண்டியை விலை கொடுத்து வாங்கும்போது, அதை ஓட்டுபவரின் பயிற்சிக்கு ஆகும் சில நாட்களையும் அவ்விலையின் பகுதியாகவே எண்ணிவிட வேண்டும். ஆனைமலைக் காட்டில் யானையை வாங்கியவர் எவரும், மாவுத்தரை வேண்டாத செலவு என்று எண்ணியதில்லை. கொழிஞ்சாம்பாறை இளைஞர் அந்தத் தகட்டைத் தம் மொழியில் படித்து, அதன்படி சுமையைத் தாழ்த்தி ஓட்டும் நாள் வர வேண்டும். அந்நாள் வருவது அரிய காரியமன்று. மொழிபெயர்ப்பாளருக்கு ஒரு மணி நேர வேலை. பயிற்சியாளருக்குச் சில நாள் வேலை. ஆலை உரிமையாளருக்குச் சிறிது பொறுமை. இவ்வளவே தேவை.